சப்பரம் வந்த தெரு

ஜூன் 12, வியாழன்

மேல்காற்று ஆரம்பித்துவிட்டது. ஊரெல்லாம் குற்றாலத்தில் சீசன் என்று சந்தோஷப்படுகிறது. எங்கள் தெருவில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

சுந்தரம் நகர் மூன்றாம் தெரு என்று பெயர்ப் பலகை மட்டும் நன்றாக இருக்கிறது. பாதாளச் சாக்கடைக்காக நகராட்சி தோண்டிப் போட்டது, என் மகள் தர்ஷி தவழ ஆரம்பித்த நேரத்தில். இப்போது அவளுக்கு நான்கு வயது. குழாயைப் பதித்து, மண்ணை மேலே தள்ளிவிட்டு, காண்டிராக்டர் பாதியிலேயே போய்விட்டார். பில் பாஸ் ஆகவில்லையாம். மேன்ஹோல் தொட்டிகள் முழங்கால் உயரத்துக்கு நடுத்தெருவில் நிற்கின்றன. சொந்த வீடு கட்டிக் குடிவந்த நாங்கள் எல்லோரும் அவற்றைச் சுற்றிச் சுற்றி நடக்கிறோம்.

சாயங்காலம் வாசலிலிருந்து எதிர்வீடு வரைக்கும் தண்ணீர் தெளித்தேன். வாரத்துக்கு ஒருமுறை வருகிற குடிதண்ணீர். கொஞ்ச நேரம் புழுதி அடங்கியது.

தர்ஷிக்கு லேசாகச் சளி. சளிதான்.

ஜூன் 16, திங்கள்

கவுன்சிலர் மரகதம் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். பஜாரில் தையல் கடை. மனு கொடுக்க வருகிறவர்களையும் ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்களையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்.

மனுவை வாங்கி, படிக்காமலே ஊசிப் பெட்டிக்குக் கீழே வைத்தார். "உங்க தெரு அடுத்த வருசத் திட்டத்துல இருக்குளா. சிமெண்ட் ரோடு. நிதி வரணும், வந்ததும் போட்டுருவாங்க. பொறு."

"அடுத்த வருசம்னா எப்பக்கா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் கவுன்சிலர்தான. கூட்டத்துல எனக்கு ஒரு டீ, ஒரு வடை, ஒரு கையெழுத்து. போன தடவ வடையும் இல்ல."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு கோபமாகப் பேச முடியவில்லை.

"பிள்ளைக்கு இழுப்பு இருக்குக்கா" என்றேன். டாக்டர்கூட இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. மனு வலுவாக இருக்கட்டும் என்று சொன்னேன், அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்

தர்ஷி நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஜூன் 24, செவ்வாய்

காய்கறி வாங்கிக்கொண்டு சன்னதித் தெரு வழியாக வந்தேன். சிமெண்ட் ரோடு, இரண்டு பக்கமும் மூடிய சாக்கடை வாறுகால். அடுத்து கீழரத வீதி. அதுவும் சிமெண்ட். செக்கடித் தெருவும் அப்படியே. அதற்குப் பக்கத்துத் தெருவில் பள்ளம். ஏன் இது இருக்கிறது, அது இல்லை என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்து பையை இறக்கும்போதுதான் பிடிபட்டது. முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அம்மனைத் தூக்கிக்கொண்டு சப்பரம் வருகிற தெருக்கள் அவை.

பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்காவிடம் சொன்னேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இது ஊருக்கே தெரியும்லா. சாமி தடுக்கி விழுந்துரக் கூடாதுன்னு கொடைக்கு முன்னாடி முனிசிபாலிட்டில கூடித் தீர்மானம் போட்டு ரோட்டச் சரி பண்ணுவாங்க. மனுசன் விழுந்தா மருந்து வாங்கிக் குடிச்சுக்கிடுவான்."

"நம்ம தெருவுக்கும் சப்பரத்தக் கூப்பிட்டா என்னக்கா?"

கீரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்குக் கோயில் வரி கட்டணும். தெருவுல எல்லா வீடும் கட்டணும்."

"நீங்க கட்டுவீங்களா?"

"ரோடு போட்டா எங்க காலும் அதுலதான நடக்கும்? எழுதிக்கோ, முதல் பேரு ரஹ்மத்."

படித்த படிப்புக்கு இன்றைக்குத்தான் ஒரு வேலை செய்த மாதிரி இருந்தது. நுண்ணுயிரியல் படித்துவிட்டு சாமியைக் கூப்பிடுகிறேன்.

ஜூலை 3, வியாழன்

கோயில் தலைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் வீட்டுக்கு நானும் ரஹ்மத் அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் போனோம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் பேசும்போது கண் மேலே வயரைத்தான் தேடுகிறது.

"புதுக் குடியிருப்புக்கெல்லாம் அம்மன் வந்தது கிடையாது. ஆனா கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்ல நாங்க யாரு?" என்றார். பிறகு நிபந்தனைகள். எல்லா வீடும் வரி கட்ட வேண்டும். எல்லா வாசலிலும் தேங்காய் பழத் தட்டு வைக்க வேண்டும். தெரு சமதளமாக இருக்க வேண்டும். தோள் சப்பரம், தூக்கிவிட்டால் நடுவில் தரையில் வைக்க மாட்டார்கள், வந்த வழியே திருப்பவும் மாட்டார்கள். தெருக் கடைசியில் ஓடையை ஒட்டிச் சுற்றி அடுத்த தெரு வழியாகத்தான் போகும்.

"உங்க தெருவுல வயர் ரொம்பத் தொங்குது. சப்பரம் உள்ள நுழைஞ்சு வெளிய போற வரைக்கும் கரண்ட நிப்பாட்டச் சொல்லிருவேன். பரவாயில்லையா?"

"அதனால என்ன அண்ணாச்சி" என்று நான்தான் சொன்னேன்.

தர்ஷி என் மடியில் இருந்தாள். "என்னட்டி, மூச்சு விசில் அடிக்கி?" என்று அவள் கன்னத்தைத் தட்டினார். ஓடி விளையாடினாள், அதான் என்றேன்.

ஜூலை 9, புதன்

நெபுலைசர் மெஷின் வாங்கினோம். ஒரு பாதுகாப்புக்குத்தான். டாக்டர் பொதுவாகச் சொன்னார்: புழுதி இல்லாத இடமாக இருந்தால் நல்லது. எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தானே சொல்வார்கள்.

தர்ஷி அதற்கு யானை என்று பெயர் வைத்திருக்கிறாள். மூக்கில் மாட்டிக்கொண்டு தும்பிக்கை ஆட்டுகிறாள்.

ஜூலை 20, ஞாயிறு

தர்ஷியின் அப்பா வந்தார். காற்றாலைக் கம்பெனியில் டெக்னீசியன். இந்தக் காற்றுக் காலம் முழுக்க ஞாயிறு ஒருநாள்தான் வீடு. எங்களுக்குப் புழுதியாக வருகிற காற்றுதான் அவருக்குச் சம்பளம்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "செண்பகம், சன்னதித் தெருவுல ஒரு போர்ஷன் காலியா இருக்காம். இந்த வீட்டப் பூட்டிப் போட்டுட்டுப் போவோமா?"

"பூட்டிப் போடவா கட்டினோம்? பதினைஞ்சு நாள்ல ரோடு வரப்போவுது."

"ரோடு வருதா, அம்மன் வாராளா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நெபுலைசர் மருந்து அதுக்குள்ள தீந்துட்டா?"

டப்பாவை எண்ணியிருக்கிறார். அவர் கிளம்பும்போது தர்ஷி, "அப்பா, ரோடு எந்த பஸ்ல வரும்?" என்று கேட்டாள். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு, "அம்மாட்ட கேளு" என்றார்.

ஜூலை 25, வெள்ளி

கொடைக்கு எங்கள் தெருவைச் சரி பண்ண நகராட்சியில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. மரகதம் அக்கா போனில் சொன்னார்: "பாத்தியா, எங்கூட்டத்துல உன் தெருப் பேர வாசிச்சாங்க." தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். முனையில் இருக்கும் சார் இதுவரை என்னோடு பேசியதே இல்லை. இன்று நின்று, "படிச்ச பிள்ளைன்னா இதுதான்" என்றார்.

சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன்.

ஜூலை 30, புதன்

லாரி வந்தது. சிமெண்ட் வரவில்லை. கிரஷர் டஸ்ட். கல் உடைக்கிற இடத்தில் மிஞ்சுகிற சாம்பல் நிறத் தூள். ஜேசிபி வைத்து மேன்ஹோல் தொட்டிகளின் தலையை இடித்துத் தள்ளிவிட்டு, ஓட்டை மேல் பலகை வைத்து, எல்லாவற்றின் மேலும் தூளைக் கொட்டிச் சமப்படுத்தினார்கள். தெரு முதல்முறையாகத் தட்டையாக இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மேஸ்திரியிடம் கேட்டேன், இதற்கு மேல் சிமெண்ட் எப்போது என்று.

"இது சப்பரத்துக்கும்மா. சப்பரம் வந்து அமுங்குனா நல்லா செட்டாயிரும்."

காற்று அடித்தது. அவர் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டார். நான் உள்ளே ஓடி ஜன்னலில் ஈரத் துணி தொங்கவிட்டேன். ஐந்து நிமிடத்தில் துணி சாம்பலாகிவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

நாளை கொடை. தெருவெல்லாம் சீரியல் லைட். மாவிலை கட்டினேன், வீடு கழுவினேன், தேங்காய் உரித்தேன். யானை ராத்திரி ஒருமுறை, காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. தர்ஷி செருப்பு டப்பாவில் சாமந்திப்பூ ஒட்டிச் சப்பரம் செய்து, எறும்பை ஏற்றி ஊர்வலம் விடுகிறாள். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி விடுகிறாள்.

தர்ஷியின் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சப்பரம் வந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆஸ்பத்திரி. பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன், கை ஒடிந்தவன், தர்ஷிக்கு முறுக்குக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. ஆக்ஸிஜன் இன்று எடுத்துவிட்டார்கள். அவர் வந்துவிட்டார். வாசலில் வைத்த தட்டு அப்படியே இருக்கும். தேங்காயை எலி தின்றிருக்கும்.

ஆகஸ்ட் 9, சனி

எழுதிவிட்டால் ஓய்ந்துவிடும் என்று எழுதுகிறேன்.

கொடை அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சப்பரம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. முன்னால் நையாண்டி மேளம், வெடி. பின்னால் ஊரே வந்தது போல் கூட்டம். அத்தனை காலும் அந்தத் தூளில். சமமாகப் பரப்பி வைத்தது எல்லாம் எழும்பியது. லைட் அணைந்தது. கரண்டை நிறுத்திவிட்டார்கள். புழுதிக்குள் அம்மன் மிதந்து வருகிற மாதிரி இருந்தது. "பாருடி, நம்ம தெருவுக்கு வாரா" என்று தர்ஷியைத் தூக்கிக் காட்டினேன். பட்டுப்பாவாடை போட்டிருந்தாள்.

சிரித்தாள். இருமினாள். அடுத்த இருமலுக்குப் பிறகு மூச்சு உள்ளே போகவில்லை.

வீட்டுக்குள் ஓடி மெஷினை மாட்டி மருந்தை ஊற்றி சுவிட்சைப் போட்டேன். ஓடவில்லை. பிளக்கை மாற்றிப் போட்டேன். ஓடவில்லை. மூன்றாவது சுவிட்சில் கை வைக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

அதனால் என்ன அண்ணாச்சி.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு பக்கம் ஓடை, அதைச் சுற்றிப் போக நேரமில்லை. மறு பக்கம் மெயின் ரோடு. நடுவில், சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டு சப்பரம். ஒவ்வொரு வாசலிலும் நின்று தட்டு வாங்கிக்கொண்டு வருகிறது. நான் கத்தினேன். மேளத்தில் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "அருள் வந்துட்டு" என்று எனக்கு வழிவிட்டுக் கும்பிட்டார்.

ரஹ்மத் அக்காதான் பார்த்தார். கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் கையைப் பிடித்து இழுத்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மேளத்தை அடக்கினார். "ஏலே, ஓரமா ஒதுங்குங்க, ஓரமா" என்றார். இறக்கக் கூடாது, திருப்பக் கூடாது. ஒதுங்கினார்கள். ஒதுங்கிய பக்கம் தூளுக்கு அடியில் மேன்ஹோல். பலகை முறிந்து ஒருவருக்குத் தொடை வரை கால் உள்ளே போய்விட்டது. சப்பரம் சாய்ந்தது. எல்லோரும் அம்மா என்று அலறிக்கொண்டு அந்தப் பக்கம் தாங்க ஓடினார்கள்.

இனி யாருக்கும் நான் தெரியமாட்டேன் என்று புரிந்தது. குனிந்து, சப்பரத்துக்கு அடியில் புகுந்தேன். தூக்குக் கம்புகளுக்கும் கால்களுக்கும் நடுவில், ஒரு கையை ஊன்றி, ஒரு கையில் அவளை அணைத்துக்கொண்டு மறுபக்கம் வந்தேன். வாயெல்லாம் தூள். தர்ஷியின் உதடு என்ன நிறத்தில் இருந்தது என்று எழுத மாட்டேன்.

மெயின் ரோட்டுக்கு எனக்கு முன்னால் ஓடி, யாரோ ஒருவரின் காரை மறித்துக்கொண்டு நின்றதும் ரஹ்மத் அக்காதான். செருப்பில்லாமல் நின்றார்.

இன்று தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ஒருவர் தர்ஷிக்கு நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, "அம்மனுக்கு அடியில புகுந்து வந்த பிள்ள. இனி இவளுக்கு ஒண்ணும் வராது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மரகதம் அக்கா கடைக்கு வரச் சொன்னார். பெஞ்சில் யாருமில்லை. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்.

"ஒண்ணு சொல்லுதேன், தெருவுல சொல்லிராத. உங்க தெரு திட்டத்துலருந்து போயிட்டு."

எனக்குப் புரியவில்லை.

"ஒரு தெருவுக்கு ஒரு வேலைதானாம். கொடைக்கு டஸ்ட் அடிச்சதையே சாலைச் சீரமைப்புன்னு முடிச்சிட்டாங்க. இனி அஞ்சு வருசத்துக்கு அந்தத் தெருவுக்கு நிதி கேக்க முடியாதுன்னு இஞ்சினியர் சொல்லுதாரு. சிமெண்ட் ரோடு பக்கத்து வார்டுக்குப் போயிட்டு."

"நீங்க ஒண்ணும் கேக்கலையாக்கா?"

"கேட்டேன். உங்க தெருக்காரங்கதான தீர்மானம் வேணும்னு நின்னாங்கன்னு சேர்மன் சொல்லுதாரு. நான் என்ன சொல்ல? கையெழுத்து போட்டதே நான்தான்."

மிஷின் சக்கரத்தில் கையை வைத்து, துணியில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார்.

"பொறுத்திருந்தா வந்திருக்குமாக்கா?"

"வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். பொறுத்தவனுக்கெல்லாம் வந்துட்டா இருக்கு?"

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை. தூளெல்லாம் கரைந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மேன்ஹோல் ஓட்டை வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. யாரோ அதில் வேப்பங்கிளையை நட்டு வைத்திருக்கிறார்கள்.

மரகதம் அக்கா சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

டாக்டர் இந்தத் தடவை பொதுவாகச் சொல்லவில்லை. எங்களைப் பெயர் சொல்லி, அந்தத் தெருவை விட்டுப் போகச் சொன்னார்.

சன்னதித் தெருப் போர்ஷனை அவர் பேசி முடித்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சாமான் ஏற்ற வந்த குட்டி யானை வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து தெருவைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள வண்டி வராதுண்ணே" என்றார்.

தர்ஷியின் அப்பா ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குப் போன் போட்டார். அண்ணாச்சி சப்பரம் தூக்குகிற ஆட்களை அனுப்பினார். கயிறும் தூக்குக் கம்புமாக வந்தார்கள். அன்று குழியில் விழுந்தவரும் வந்தார். கால் இன்னும் நொண்டுகிறது. பீரோவைப் படுக்கப் போட்டுக் கம்பில் கட்டி, முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர்.

"அண்ணாச்சி, அம்மனவிட கனமா இருக்கே, உள்ள என்ன?"

"துணிதாம்ப்பா" என்றார் தர்ஷியின் அப்பா.

"துணியா? தெருவுல பாதிய அள்ளி உள்ள வச்சிட்டுப் போறீங்களோன்னு பாத்தேன்."

தர்ஷி கைதட்டினாள். "நம்ம பீரோவுக்குச் சப்பரம்" என்றாள். வாசல் வாசலாக எல்லோரும் நின்று பார்த்தார்கள். முனை வீட்டு சார் உள்ளே போய்விட்டார். தூக்குகிறவர்களுக்குப் பழக்கம் விடவில்லை. வீட்டை விட்டு இறக்கிய பீரோவை மெயின் ரோடு வரைக்கும் அவர்கள் தரையில் வைக்கவே இல்லை.

ரஹ்மத் அக்கா பூட்டிய கதவை இழுத்துப் பார்த்தார். "சாவிய எங்கிட்ட குடு. வாசல் தெளிச்சுப் போடுதேன். பூட்டிக் கிடந்தா வீடு அழும்."

கொடுத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இங்கே புழுதி இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். நாலு மணியானால் கை தானாக வாளியைத் தேடுகிறது. நேற்று சிமெண்ட் ரோட்டில் தண்ணீர் தெளித்துவிட்டேன். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து, "யாரது, ரோட்டக் குளிப்பாட்டுறது?" என்றார்.

தர்ஷிக்கு இங்கேயும் வருகிறது. முன்பு போல அடிக்கடி இல்லை. ஆனால் வருகிறது. இனி இது அவளோடு இருக்கும், பார்த்துப் பார்த்துத்தான் வளர்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். இப்போது தூங்குகிறாள். விளக்கை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மதியம் ரஹ்மத் அக்கா போன் செய்தார். தெருவில் கூட்டம் போட்டார்களாம். அடுத்த கொடைக்கும் சப்பரத்தை அழைப்பதாக முடிவு.

"இந்தத் தடவ டஸ்ட் போட்டான். அடுத்த தடவ அதுக்கு மேல சிமெண்ட் போட்டுத்தான ஆவணும்? எல்லாம் நீ காட்டுன வழிதான். உன் வீட்டு வரிய நானே கட்டிட்டேன். ஒரு வீடும் விட்டுப் போவக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"ஆமாக்கா" என்றேன். மரகதம் அக்கா சொன்னதை இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் பேசிக்கொண்டே போனார். மகள் பிரசவித்து வந்திருக்கிறாளாம், பேரப்பிள்ளை நல்ல நிறமாம், மூக்கு அப்படியே தாத்தாவாம்.

"பிள்ளைக்கு ரெண்டு நாளா லேசா இருமல். சளிதான். இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமே. அந்த மெஷின நீ எங்க வாங்குன?"

கடைப் பெயரைச் சொன்னேன். கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் ஓடுகிற மாதிரி ஒன்று வந்திருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள் என்றும் சொன்னேன்.